கழற்றி வைத்த சிலம்பு

இங்கே இல்ஃபோர்டில் கதை எழுதும் தமிழ் நண்பர்கள் நாலைந்து பேர், எழுதியதை ஒருவருக்கொருவர் படிக்கக் கொடுப்பதுண்டு. அண்மையில் வந்த ஒரு கதையில் முதல் பத்தியில் பல்லி கத்துகிறது, இரண்டாவதில் கண்ணாடி உடைகிறது, மூன்றாவதில் விளக்கு அணைகிறது. தாத்தா சாகப்போகிறார் என்பது தாத்தாவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வரப்போவதை முன்பே குறிப்பாகக் காட்டும் இந்த உத்தியை ஆங்கிலத்தில் ஃபோர்ஷேடோயிங் என்பார்கள். முன்னுணர்த்தல் என்று வைத்துக்கொள்வோம். உடனே செகாவின் துப்பாக்கியைச் சொல்வார்கள்: மேடையில் துப்பாக்கி இருந்தால் பிறகு அது வெடித்தாக வேண்டும். நிரலில் அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாத மாறிக்குக் கம்பைலர் எச்சரிக்கை கொடுக்குமே, அது மாதிரி. ஆனால் துப்பாக்கியை எப்படிக் கண்ணில் உறுத்தாமல் வைப்பது என்பதை அந்த விதி சொல்வதில்லை. அதற்குச் சிலப்பதிகாரத்திடம்தான் போகவேண்டும்.

நான்காவது காதையில் கோவலன் மாதவியோடு இருக்கிறான். தனித்திருக்கும் கண்ணகியின் காலில் சிலம்பு இல்லை, கண்ணில் மை இல்லை, நெற்றியில் திலகம் இல்லை என்று அடுக்குகிறார் இளங்கோ. படிக்கும்போது அது பிரிவுத் துயரம், அவ்வளவே. கழற்றி வைத்த அந்தச் சிலம்பைத்தான் ஒன்பதாவது காதையில் கோவலனுக்குத் தர முன்வருகிறாள். பதினாறாவதில் அதை விற்கப்போய் அவன் வெட்டுப்படுகிறான். முதலில் வந்த இடத்தில் சிலம்புக்கு வேறு வேலை இருந்தது. அதனால் ஒளிந்துகொள்ள முடிந்தது. (நூலின் பெயரே காட்டிக் கொடுக்கிறது என்பது வேறு விஷயம்.) நண்பரின் பல்லிக்குக் கத்துவதைத் தவிர வேறு வேலை இல்லை.

அப்படியானால் கண்ணகியின் கனவு? அது எதையும் ஒளிக்கவில்லை. பெரிய நகர் ஒன்றில் கோவலன்மேல் பழி, அரசன்முன் அவள் முறையீடு, அரசனுக்கும் ஊருக்கும் கேடு என எல்லாம் வந்துவிடுகிறது. பல்லியைவிட உரத்த குரல்தான். ஆனால் தேவந்தியிடம் அதைச் சொல்லி முடித்த சற்று நேரத்தில் கோவலன் வாசலுக்கு வருகிறான், வறுமை வெட்கப்பட வைக்கிறது என்கிறான். அவள் புன்னகையோடு சிலம்பு இருக்கிறதே என்கிறாள். கனவைப் பற்றி ஒரு சொல் இல்லை. தெரிந்துகொண்டே கொடுக்கிறாள் என்பதால்தான் அந்தப் புன்னகையைத் தாங்க முடிவதில்லை.

எனக்குப் பிடித்த இடம் வைகை. தன் கண்ணீர் தெரியாதபடி மலர்களைப் போர்த்துக்கொண்டு ஓடுகிறாள் என்கிறார் இளங்கோ. இவர்களோ இது நீராறு அல்ல, பூவாறு என்று வியந்து, தெப்பத்தில் தென்கரை சேர்கிறார்கள். எதிரே மதுரைக் கோட்டைக் கொடிகள், வராதீர்கள் என்று கை காட்டுவதுபோல அசைகின்றன. காற்றடித்தால் கொடி அப்படித்தானே அசையும்?