கை சுற்றாத இடத்தில் துளை

ஒரு மர அலமாரி. சுவரோடு சேர்ந்து நிற்கிறது. அதன் உள்மூலையில் ஒரு துளை போட வேண்டும். தச்சர் கையை உள்ளே விடுகிறார். கை போகிறது. கருவியும் போகிறது. ஆனால் கைப்பிடியைச் சுற்ற முடியவில்லை. பாதிச் சுற்றிலேயே கை பலகையில் இடிக்கிறது. என்ன செய்வது? அலமாரியைப் பிரிப்பதா?

துளை விழ வேண்டுமானால் கருவியின் அலகு சுழல வேண்டும். அதற்காகக் கையும் முழு வட்டம் சுற்ற வேண்டுமா? வேண்டாம். இதைப் பழைய காலத்துத் தொழிலாளர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

நம் நாட்டின் வில் துரப்பணத்தைப் பாருங்கள். ஒரு கட்டை. அதன் முனையில் இரும்பு அலகு. கட்டையில் கயிறு ஒரு சுற்று சுற்றியிருக்கும். கயிற்றின் இரண்டு முனைகளும் வில்லில் கட்டியிருக்கும். வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் அலகு சுழலும். தயிர் கடையும் மத்து சுழல்வதும் இப்படித்தான். குஜராத்தில் உள்ள கம்பாத் என்ற ஊரில் கல் மணிகளுக்குத் துளை போட்டதும் இந்த வில்லால்தான். ஆனால் வில்லை இழுக்க நீளமான இடம் வேண்டும். அலமாரிக்குள் அது நடக்காது.

பிறகு பிரேஸ் வந்தது. இது வளைந்த இரும்புக் கருவி. 'ப' என்ற எழுத்தைப் படுக்க வைத்தது போல இருக்கும். மேலே மரக்குமிழ். அதை ஒரு கையால், சில நேரம் மார்பாலும், அழுத்த வேண்டும். மற்றக் கையால் நடுவில் உள்ள பிடியைச் சுற்ற வேண்டும். பல பிரேஸ்களில் பிடி சுற்றும் வட்டத்தின் அகலம் 10 அங்குலம். அதாவது துளைக்கு நான்கு பக்கமும் 5 அங்குலம் காலியாக இருக்க வேண்டும். கைக்கும் இடம் வேண்டும். துளை சுவரிலிருந்து 2 அங்குலத்தில் இருந்தால்?

இதற்குத்தான் ராட்செட் வைத்த பிரேஸ். ராட்செட் என்றால் என்ன? நீங்கள் சைக்கிள் ஓட்டியிருப்பீர்கள். பெடலை முன்னால் மிதித்தால் சக்கரம் ஓடும். பின்னால் மிதித்தால் 'டிக் டிக்' என்று சத்தம்தான் வரும். சக்கரம் பின்னால் போகாது. உள்ளே ஒரு பல் சக்கரமும் சிறு நாக்கும் இருக்கின்றன. முன்னால் போகும்போது நாக்கு பல்லில் மாட்டிக்கொள்ளும். பின்னால் வரும்போது பல்லின் மேல் வழுக்கிவிடும்.

பிரேஸிலும் அதே வேலைதான். பிடியைக் கால் வட்டம் முன்னால் தள்ளலாம். அலகும் கால் வட்டம் திரும்பும். பிடியைப் பின்னால் இழுத்தால் அலகு அசையாமல் நிற்கும். மறுபடி முன்னால் தள்ளலாம். நான்கு முறை தள்ளினால் ஒரு முழுச் சுற்று. நேரம் கூடுதல்தான். ஆனால் அலமாரியைப் பிரிக்க வேண்டாம்.

இரும்பில் துளை போடுவது இன்னும் கடினம். கை அழுத்தம் போதாது. அதற்குத் தனி ராட்செட் துரப்பணம் உண்டு. அதன் பின்புறம் ஒரு திருகு இருக்கும். அந்தத் திருகு முட்டிக்கொள்ள உறுதியான இரும்புச் சட்டம் ஒன்றை மாட்டுவார்கள். ஆங்கிலேயத் தொழிலாளர்கள் அந்தச் சட்டத்துக்குக் 'கிழவன்' என்று பெயர் வைத்தார்கள்! கிழவன் அசையாமல் தாங்கிக்கொள்வார். தொழிலாளி நெம்பியை மேலும் கீழும் ஆட்டுவார். அலகு உள்ளே போகப் போகத் திருகைச் சிறிது இறுக்குவார். இரும்பு சுருள் சுருளாக வெளியே வரும்.

ரயில் பாதையில் இந்தக் கருவி மிகவும் உதவியது. இரண்டு தண்டவாளங்களை இணைக்க இரும்புத் தகடு வைத்து, போல்ட் மாட்டுவார்கள். அதற்குத் தண்டவாளத்தின் பக்கவாட்டில் துளை வேண்டும். கீழே தரையும் கல்லும் இருக்கும். நெம்பி முழு வட்டம் சுற்ற வழி இல்லை. ராட்செட் இருந்தால் மேல் பக்கம் மட்டும் ஆட்டினால் போதும். இன்று இதற்கு மோட்டார் இயந்திரங்கள் இருக்கின்றன.

வாயு நெருப்பால் சீக்கிரம் ஓட்டை போட்டுவிடலாமே என்று சிலர் கேட்கலாம். கூடாது. நெருப்பில் வெந்த ஓரத்தில் விரிசல் தொடங்கும். ரயில் ஓட ஓட விரிசல் வளரும். ஒருநாள் தண்டவாளமே உடையும். மேலே போவது நூற்றுக்கணக்கான மனிதர்கள். அதனால்தான் எவ்வளவு நேரமானாலும் குடைந்தே துளை போடுகிறார்கள்.

அமெரிக்காவில் மர வீடுகள் அதிகம். தரைப் பலகைக்குக் கீழே உத்தரங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக இருக்கும். வீடுகளுக்கு மின்சாரம் வந்த புதிதில், அந்த உத்தரங்களில் துளையிட்டுத்தான் கம்பி இழுத்தார்கள். பிரேஸை நேராக வைத்தால் இரண்டு உத்தரங்களுக்கு நடுவே இடம் போதாது. இப்படிப்பட்ட இடங்களில் பல் சக்கரங்கள் வைத்து, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்த மூலை பிரேஸ் உதவியது. மின்சாரத்துக்கு வழி விட்டது கைக் கருவிதான்!

கையில் பிடிக்கும் மின் துரப்பணத்தை 1895-இல் ஜெர்மனியில் ஃபைன் நிறுவனம் செய்தது. இன்று மூலையில் போடும் மின் கருவிகளும் கிடைக்கின்றன. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அலகு மரத்தில் சிக்கினால் மின் கருவி தானாக நிற்காது. கருவியே திரும்பும். இடுக்கில் இருக்கும் கை பலகையில் மோதும். மணிக்கட்டு முறுக்கும். கைக் கருவியில் நீங்கள் நின்றால் அதுவும் நிற்கும்.

பழைய ராட்செட் பிரேஸை இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போட்டுவிடுகிறார்கள். கண்ணில் பட்டால் எடுத்துப் பாருங்கள். ராட்செட் வளையத்தை ஒரு பக்கம் திருப்புங்கள். பிடியை ஆட்டுங்கள். ஒரு பக்கம் பிடிக்க வேண்டும். மறுபக்கம் 'டிக் டிக்' என வழுக்க வேண்டும். வளையத்தை மாற்றினால் இது தலைகீழாக வேண்டும். நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும். அழுத்தும்போது நழுவினால் பல் தேய்ந்துவிட்டது. அதை வாங்க வேண்டாம். சத்தமே வராமல் இறுகிக் கிடந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் துருவும் அழுக்கும்தான். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். இதற்குச் சதுர அடி உள்ள அலகுதான் பொருந்தும். உருண்டை அடி உள்ளதை மாட்டினால் வழுக்கிச் சுற்றும்.