உங்களுக்குத் தெரியுமா? நாஞ்சில் நாட்டுப் பாட்டை வளர்த்த உறவுகள்

ஒரு பாட்டு எத்தனை பேர் கைமாறி நம் காதுக்கு வருகிறது? குமரி மாவட்டத்து இசைக்குப் பின்னால் இருக்கும் உறவு, நட்பு, குரு, ஊர்ப் பழக்கம் பற்றிச் சில செய்திகள்.

• வில்லுப்பாட்டை ஒருவர் மட்டும் பாடி முடித்துவிட முடியாது. நடுவில் வில்லின் முன்னே புலவர் உட்கார்ந்து, சலங்கை கட்டிய நாணை வீசுகோலால் தட்டிக் கதை சொல்வார். குடக்காரர் மண்குடத்தின் வாயில் ஒரு கையால் பத்தி என்னும் மட்டை கொண்டு அடிப்பார். மறுகையில் இருக்கும் நாணயத்தால் குடத்தின் வயிற்றில் தட்டுவார். உடுக்கு, தாளம், கட்டை ஆகியவை பக்கத்தில். புலவரோடு சேர்ந்து பாடுவோர் வலம்பாடிகள், அடியை ஏற்றுத் திருப்பிப் பாடுவோர் இடம்பாடிகள். இடத்துக்காரர் அடியை எடுக்கும் அந்தச் சில நொடிகளில்தான் புலவர் அடுத்த வரியை மனத்தில் கட்டுகிறார்.

• கதை தொடங்குமுன் புலவர் தன் குருவைப் பாட வேண்டும். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம், கதைக்கூறு, வாழி என்று வில்லுப்பாட்டுக்கு ஏழு உறுப்புகள் உண்டு. வித்தை எந்த வழியில் வந்தது என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் நுழைய முடியும்.

• கோவில் கொடை விழாவில் கூட்டமும் பாட்டை நடத்துகிறது. சாமியாடிக்கு அருள் வரும் கட்டம் நெருங்கினால் புலவர் உரைநடையைக் குறைத்து, தாளத்தை முடுக்குவார். அருள் இறங்கியபின் மறுபடியும் நிதானத்துக்கு வருவார். அதே முத்தாரம்மன் கதையை அதே புலவர் இரண்டு ஊரில் பாடினாலும், அது இரண்டு பாட்டாக நிற்பதற்கு இதுவே காரணம். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்தப் பகுதியில் தங்கி வில்லுப்பாட்டைக் கேட்டு ஆராய்ந்தார். பிறப்பையும் இறப்பையும் பாடும் கதைகள் பற்றிய அவருடைய நூல் 1988இல் வெளியானது.

• வில்லுப்பாட்டுக்காரரும் கணியான் கூத்துக்காரரும் சுடலைமாடன் கதையைப் பொதுவில் வைத்துப் பாடுகிறார்கள். வில்லும் குடமும் ஒலிக்கும் இடத்தில், கணியான் கூத்தில் மகுடம் என்னும் தோல்கருவி முழங்கும். பெண்வேடமிட்ட ஆண்கள் ஆடுவார்கள். ஒரே சாமியைக் கும்பிடும் ஊர்கள் ஒரே கதையை இரண்டு கலைவடிவங்களில் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

• அகஸ்தீஸ்வரம் பக்கத்துச் சரவணந்தேரியில் வாழ்ந்த பூங்கனி அம்மாள் இந்தக் கலைக்குள் வந்தது, லட்சுமி, தனலட்சுமி என்ற இரண்டு பெண்கள் வில்லடிப்பதைச் சிறுமியாகப் பார்த்துத்தான். பிறகு அவரே தலைமைப் பாடகராகிப் பல பத்தாண்டுகள் மேடைகளை ஆண்டார். கணவர் குடம் அடிப்பவர். பூங்கனி அம்மாள் 2018 நவம்பரில் மறைந்தார். பெண்கள் வில்லில் உட்காரலாம் என்பதை அந்தச் சிறுமிக்குக் காட்டியவர்கள் அந்த இரண்டு பெண்கள். முன்னால் ஒருவர் போனால்தான் பின்னால் ஒருவருக்கு வழி தெரியும்.

• கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். வில்லுப்பாட்டில் தொடங்கி, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு வழியாகச் சினிமாவுக்குப் போனார். 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் அவர் நடத்திய ‘கிந்தனார்’ காலட்சேபம், நந்தனார் கதையின் வடிவத்தை எடுத்து ஏழைப் பையனின் படிப்பைப் பாடியது. கிராமத்துக் கொடை, நாடகக் கொட்டகை, சினிமா ஸ்டுடியோ மூன்றிலும் ஆள்பழக்கம் உள்ளவரால்தான் இப்படி ஒரு கலப்பைச் செய்ய முடியும்.

• கலைவாணர் தனக்குக் கிடைத்த வழியைப் பிறருக்கும் திறந்துவிட்டார். திருநெல்வேலிச் சீமையின் சத்திரம்புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துவந்தவர் அவர்தான். காந்தி கதை வில்லில் ஏறியதும் இந்த உறவால்தான். சுப்பு ஆறுமுகம் 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். 2022 அக்டோபரில் மறைந்தார். மகள் பாரதி திருமகன் தொடர்ந்து பாடுகிறார்.

• இப்படி வழி திறக்கும் பழக்கங்களைப் பற்றி அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. நெருங்கிய நண்பர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். புதிய செய்தி பெரும்பாலும் தூரத்துப் பழக்கத்தில் இருந்துதான் வரும் என்பது அதன் சாரம். 2005இல் உசி, ஸ்பைரோ என்ற இருவர் நியூயார்க் பிராட்வே இசை நாடகங்களை ஆராய்ந்தார்கள். முற்றிலும் பழைய கூட்டாளிகளாக இருந்தாலும் சரி, ஒருவரை ஒருவர் அறியாதவர்களாக இருந்தாலும் சரி, நாடகம் அவ்வளவாகச் சோபிக்கவில்லை. இரண்டும் அளவோடு கலந்தபோதே வெற்றி கூடியது.

• பழையதும் புதியதும் கலப்பதற்கு, குமரி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் நல்ல சாட்சி. தஞ்சை நால்வர் எனப்படும் இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அவைக்கு வந்து, கர்நாடக இசைக்கு வயலினைப் பொருத்தமான வாத்தியமாக்க உழைத்தார். மன்னர் 1834இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். ஐரோப்பிய வாத்தியம், தஞ்சைக் கலைஞர், மலையாள அரசர் மூன்றும் ஓரிடத்தில் கூடியதன் பலனை இன்றும் ஒவ்வொரு கச்சேரியிலும் கேட்கிறோம்.

• நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் 1839இல் பிறந்தவர் நீலகண்ட சிவன். ‘ஆனந்த நடமாடுவார்’, ‘நவசித்தி பெற்றாலும்’ போன்ற தமிழ்க் கீர்த்தனைகள் அவருடையவை. அவருடைய பஜனைகளால் ஈர்க்கப்பட்டு, திருவனந்தபுரத்தில் வளர்ந்த ஓர் இளைஞர் தமிழில் பாட்டு எழுதத் தொடங்கினார். அவர்தான் பாபநாசம் சிவன். சென்னை மயிலாப்பூரின் மார்கழி பஜனைக்கும் பல பழைய சினிமாப் பாடல்களுக்கும் வேர் தேடிப் போனால் வடிவீஸ்வரத்துக்கு வந்து சேரலாம்.

• 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. எல்லை மாறியும் இசைப் பாதை அறுபடவில்லை. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாகக் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறார்கள். அங்கே ஒன்பது இரவும் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகள் ஒலிக்கும்.

• திருவனந்தபுரத்தில் அந்தக் கீர்த்தனைகள் ஒலிக்கும் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடியதே இல்லை, 2006 வரை. அந்த ஆண்டு பாறசாலை பொன்னம்மாள் அங்கே பாடினார். அப்போது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. உறவு வட்டம் பாட்டைக் காக்கும். அதே வட்டம் ஆளைத் தள்ளியும் வைக்கும். கதவைத் திறந்தால் கலை கெட்டுவிடும் என்ற பயம் வீண் என்பதை அந்த மேடை காட்டியது.

• குமரி மாவட்டத் தோல்பாவைக் கூத்துக் கலைஞர்கள் வீட்டில் மராத்தி பேசுகிறார்கள், திரைக்குப் பின்னால் தமிழில் பாடுகிறார்கள். குழு என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்தான். ராமனுக்கும் ராவணனுக்கும், கோமாளிகளான உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் ஒருவரே குரல் கொடுத்துப் பாவையை ஆட்ட, வீட்டார் ஆர்மோனியமும் தாளமும் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனால் குழுவே கலைந்துவிடும் என்பது இதன் பலவீனம்.

• அய்யா வைகுண்டரின் வழியைச் சொல்லும் அகிலத்திரட்டு அம்மானை 1841இல் ஏட்டில் எழுதப்பட்டது. அச்சில் வந்தது 1939இல். இடைப்பட்ட சுமார் நூறு ஆண்டுகள் அதைக் கொண்டுவந்தவை, படி எடுத்த கைகளும் இராகத்தோடு வாசித்த குரல்களும். சாமிதோப்பில் கார்த்திகை மாத ஏடுவாசிப்பு 17 நாள் நடக்கிறது.

• இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில்தான் தொடங்கியது, 1984 அக்டோபர் 30 அன்று. அந்தந்த வட்டாரத்துப் பேச்சுக்கும் கலைஞர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பதே உள்ளூர் நிலையங்களின் நோக்கம்.

• எது ‘ஹிட்’ ஆகும் என்பதைக் கூட்டமும் தீர்மானிக்கிறது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், 14,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அறிமுகம் இல்லாத 48 பாடல்கள் இணையம் வழியே தரப்பட்டன. பிறர் எதைப் பதிவிறக்கினார்கள் என்று தெரிந்த குழுக்களில், முன்னணிப் பாடல் மேலும் முன்னே போனது. ஆனால் குழுவுக்குக் குழு முன்னணிப் பாடல் மாறியது. நல்ல பாட்டு எப்போதும் தானாக முதலிடத்துக்கு வரும் என்று காத்திருக்க முடியாது என்பதற்கு இது ஒரு சான்று.

• இன்று கொடை வில்லுப்பாட்டு யூடியூபில் நேரலையாக ஓடுகிறது. ஊரைவிட்டு வேலைக்குப் போனவர்கள் வெளிநாட்டில் இருந்தும் பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பல பதிவுகளில் ஊர் பெயரும் புலவர் பெயரும் மட்டுமே இருக்கின்றன. குடம் அடித்தவர், உடுக்கு அடித்தவர், இடம் பாடியவர் பெயர்கள் இல்லை. உங்கள் ஊர்க் கொடையைப் பதிவேற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குழுவில் இருக்கும் அத்தனை பேர் பெயரையும், அவர்களின் குருவின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த கொடைக்கு ஆள் தேடுபவருக்கும், வில் கற்க நினைக்கும் பிள்ளைக்கும் அந்தப் பெயர்கள்தான் வழி காட்டும்.