சிறு வழுவும் அதன் விலையும்

பல்கலைக்கழக விஞ்ஞான, பொறியியல் பீடங்களில் கற்பிக்கப்படும் எண்சார் பகுப்பாய்வு என்ற பாடத்தின் பெயரைக் கேட்டதுமே எமது பெண்பிள்ளைகள் சிலர் பின்வாங்கிவிடுகின்றனர். உண்மையில் அது நாம் அடுப்படியில் செய்வதைத்தான் செய்கிறது. உப்பைக் கொஞ்சமாகப் போட்டு, ருசி பார்த்து, குறைந்தால் சேர்க்கிறோம் அல்லவா?

2 இன் வர்க்கமூலத்தைக் காண்போம். 1.5 என ஊகிக்கலாம். 2 ஐ 1.5 ஆல் வகுத்தால் 1.3333 வரும். இவ்விரண்டின் சராசரி 1.4167. அதைக் கொண்டு மீண்டும் அப்படியே செய்தால் 1.41422. சரியான விடை 1.41421 என்று தொடங்குகிறது. இரண்டே படிகளில் நெருங்கிவிட்டோம்.

ஆனால் எஞ்சிய வழு எவ்வளவு என்று அறியாமல் விடக்கூடாது. 1991 வளைகுடாப் போரில், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணை எதிர்ப்புக் கருவியின் கணினி, நேரத்தைப் பத்திலொரு செக்கன்களாக எண்ணியது. பத்திலொன்றைத் துவித எண்ணில் முழுமையாக எழுத முடியாது. வெட்டிவிடப்பட்ட மிகச்சிறு மீதி, சுமார் 100 மணித்தியாலத்தில் செக்கனின் மூன்றிலொரு பங்காகப் பெருகியது. வந்த ஸ்கட் ஏவுகணையைக் கருவி தவறவிட்டது. பெப்ரவரி 25 இல் அமெரிக்கப் படையினர் 28 பேர் மாண்டனர். திருத்திய நிரல் மறுநாள்தான் அங்கு வந்து சேர்ந்தது.

போரைக் கண்ட எமக்கு அந்த ஒருநாள் தாமதத்தின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. உயர்தரத்தில் இணைந்த கணிதம் கற்ற உங்கள் மகள் இப்பாடத்தை விரும்பினால் தடுக்காதீர்கள். பிழையே விடாதவள் அல்ல, தன் பிழையை அளந்து திருத்துபவளே இதற்கு ஏற்றவள்.