வீடு 23,864, வகுப்பறை எத்தனை?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2001-இல் 28,77,468 பேர் இருந்தார்கள். 2011-இல் 39,98,252 பேர். செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முந்தைய கணக்கு இது. பத்தே ஆண்டில் 39 சதவீத வளர்ச்சி. அதே பத்தாண்டில் தமிழ்நாடு முழுவதும் சேர்ந்து வளர்ந்தது 15.6 சதவீதம்தான்.

அதாவது ஆண்டுக்கு 1.12 லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள். 5,000 பேருக்கு ஒரு தொடக்கப் பள்ளி, அதற்கு 0.40 ஹெக்டேர் நிலம், ஏறத்தாழ ஒரு ஏக்கர், வேண்டும் என்று மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு நகர்ப்புறத் திட்டமிடல் நெறிகள் சொல்கின்றன. அந்த அளவுகோலை வைத்தால் ஆண்டுதோறும் 22 பள்ளிகள், 22 ஏக்கர். பத்தாண்டில் 224 பள்ளிகள்.

மாநிலச் சராசரியைப் பார்ப்பவருக்கு இது வீண் கவலையாகத் தோன்றும். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டபோது 31,008 அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ 17 லட்சம் பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்று அறிவிக்கப்பட்டது. வகுத்தால் பள்ளிக்கு 55 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்கள், ஆசிரியருக்கு ஓர் அறை. இரண்டு அறை போதும். ஊர் காலியாகி, பிள்ளைகள் குறைந்து, அறை மிஞ்சிக் கிடக்கும் பள்ளிகளும் இந்தச் சராசரிக்குள் இருக்கின்றன. ஆனால் ராமநாதபுரத்தில் மிஞ்சும் அறையைப் பெயர்த்து எடுத்துவந்து பழைய மகாபலிபுரம் சாலையில் வைக்க முடியாது. பள்ளிக் கட்டடத் திட்டமிடலில் எனக்கு மாவட்டச் சராசரி மீதே நம்பிக்கை இல்லை. மாநிலச் சராசரி எந்த மூலைக்கு? கணக்கு குடியிருப்புவாரியாகப் போடப்பட வேண்டும்.

அப்படிப் போட்டுப் பார்க்க, சென்னையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கான மறுகுடியமர்வுப் பகுதியான பெரும்பாக்கத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வீடுகளைக் கட்டியது அரசு வாரியம். எத்தனை வீடு, யாருக்கு, எங்கிருந்து வருகிறார்கள் என்பதெல்லாம் அரசின் கையில் இருந்த விவரங்கள். வளர்ச்சியை ஊகிக்க வேண்டிய தேவையே இல்லாத இடம் அது. இதே வகைக் குடியிருப்புகளான கண்ணகி நகரில் 15,656 வீடுகள், செம்மஞ்சேரியில் 6,764, அவற்றுக்குப் பிறகு பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடங்களில் 23,864 வீடுகள்.

வீட்டுக்கு நான்கு பேர் என்று கொண்டால் பெரும்பாக்கத்தில் 95,456 பேர். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் ஆறு வயதுவரையிலான பிள்ளைகள் சுமார் 4.3 லட்சம். பூஜ்யம் முதல் ஆறுவரை ஏழு வயதுகள். ஒரு வயதுக்கு ஏறத்தாழ 61,500 பிள்ளைகள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஐந்து வயதுகள் என்பதால், ஆயிரம் பேருக்கு 77 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். கணக்கை இப்படி எழுதலாம்:

மக்கள்: 95,456
தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள்: சுமார் 7,350
500 பேர் படிக்கும் பள்ளிகள்: 15
நிலம்: 15 ஏக்கர்

அங்கே போய் வந்தவர்களுக்குத் தெரியும், பள்ளிகள் இந்த எண்ணிக்கைக்கு அருகில்கூட இல்லை. கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் பள்ளி ஆண்டின் நடுவில் அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பழைய பள்ளிக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறிப் போனார்கள், பலர் நின்றுவிட்டார்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன நம் மாநிலத்தின் கல்வி உரிமை விதிகள்.

இனி அறைக் கணக்கு. 500 பிள்ளைகளுக்கு, அறைக்கு 30 பேர் என்றால் 17 அறைகள். மதிப்பீட்டில் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் எழுதுவார்கள். பள்ளி இந்த எண்ணில் நடக்காது. வகுப்புக்கு நூறு பேர்; நூறை முப்பது முப்பதாகப் பிரித்தால் நான்கு பிரிவு. ஐந்து வகுப்புக்கு 20 அறைகள். இரண்டாம் வகுப்பில் மிஞ்சும் பத்துப் பேரை நான்காம் வகுப்பில் உட்காரவைக்க முடியாதல்லவா? 200 பிள்ளைகளுக்கு மேல் போனால் ஆசிரியருக்கு 40 பேர்வரை சட்டம் இடம் கொடுக்கிறது. அப்போதும் காகிதத்தில் 13, நடைமுறையில் 15. ஏழு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேரை ஒருவர் கவனித்து எழுத்தறிவிப்பது கடினம். ஆகவே 20 என்றே வைத்துக்கொள்கிறேன்.

பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் 2023 பிப்ரவரியில் 784 கோடி ரூபாயில் 5,351 வகுப்பறைகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அறைக்கு 14.65 லட்சம். அந்த விலையில் ஒரு பள்ளிக்கு 2.93 கோடி, பதினைந்து பள்ளிகளுக்கு 300 அறைகள், 43.95 கோடி. இதை 23,864 வீடுகளுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு 18,417 ரூபாய்.

பல லட்ச ரூபாய் செலவில் கட்டப்பட்ட வீட்டோடு சேர்க்க வேண்டியிருந்தது இவ்வளவுதான். பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய களிமண்ணில் அஸ்திவாரச் செலவு கூடும். இரட்டிப்பாகவே வைத்தாலும் 37,000-ஐத் தாண்டாது. கால்வாசிப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போவார்கள் என்று கழித்தால் 11 பள்ளிகள், 220 அறைகள். இதைக் கட்டாமல் விட்டதற்குப் பணமில்லை என்பது காரணமாக இருக்க முடியாது. வீட்டுவசதி ஒரு துறை, பள்ளிக்கல்வி இன்னொரு துறை. வீட்டின் மதிப்பீட்டில் பள்ளிக்கென்று ஒரு வரிகூட எழுதப்படுவதில்லை.

அறையோடு செலவு முடிவதில்லை. 40 பேருக்கு ஒரு கழிப்பறைத் தொகுதி என்றால் ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 7. பகல்நேரப் பள்ளிக்கு ஆளுக்கு 45 லிட்டர் தண்ணீர் என்பது இந்தியத் தர அளவு. நாளுக்கு 22,500 லிட்டர். குழாய் வராத இடத்தில் 12,000 லிட்டர் லாரி தினமும் இரண்டு. இது ஆண்டுதோறும் தொடரும் செலவு.

மண் நிரப்புவது வேறு கணக்கு. ஏரிகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் கடைசியில் பள்ளிக்குக் கிடைப்பது தாழ்வான நிலம்தான். ஒரு ஏக்கரை ஒரு மீட்டர் உயர்த்த 4,000 கனமீட்டர் மண், 1,413 யூனிட். மூன்று யூனிட் லாரியில் 471 லோடு. 2015 வெள்ளத்தைக் கண்டவர்கள் இதை வீண் செலவு என்று சொல்ல மாட்டார்கள்.

நெருக்கடியான கட்டடத்தின் விலையும் நமக்குத் தெரியும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், ஒரே கட்டடத்தில் பல பள்ளிகள் நடந்த இடத்தில் கூரை பற்றியெரிந்து 94 பிள்ளைகள் இறந்தார்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் மாநிலம் முழுவதும் பழுதான கட்டடங்களை இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. இடித்த இடத்தில் கட்டும் அறையையும் கூடுதல் அறையையும் ஒரே எண்ணிக்கையில் சேர்த்து அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். பத்து இடித்துப் பத்து கட்டினால், கூடுதல் பூஜ்யம்.

எதிர்க் கணக்கு ஒன்று உண்டு, அதைத் தள்ளக் கூடாது. 2020 மாதிரிப் பதிவின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 பிள்ளை. புதிய குடியிருப்புக்கு வரும் இளம் குடும்பங்களின் பிள்ளைகள் பத்துப் பதினைந்து ஆண்டில் தொடக்கப் பள்ளியைத் தாண்டிவிடுவார்கள்; கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்கும். அதனால் 20 அறையையும் ஒரே மூச்சில் கட்டச் சொல்லவில்லை. முதலில் தரைத்தளத்தில் பத்து அறை, மேலே ஒரு தளம் தாங்கும் அஸ்திவாரத்தோடு. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு மேல்தளம் போகச் சாய்தளம் வேண்டும். பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் 3.6 மீட்டர் ஏற 43 மீட்டர் நீளம், திருப்பங்களின் இடம் தனி. அந்த இடத்தை முதல் வரைபடத்திலேயே விட வேண்டும். தொடக்கப் பள்ளியில் அறை மிஞ்சத் தொடங்கும் ஆண்டில் அது ஆறாம், ஏழாம் வகுப்புக்குத் தேவைப்படும்.

அறையைத் தள்ளிப்போடலாம், நிலத்தைத் தள்ளிப்போட முடியாது. அடுக்குமாடிகள் எழுந்த பிறகு நடுவில் ஒரு ஏக்கர் எந்த விலைக்கும் கிடைக்காது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதன் விவரங்கள் வரும்வரை 2011 எண்களை வைத்தே திட்டமிட வேண்டியிருக்கும். ஆனால் அரசு கட்டும் குடியிருப்புக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. வீட்டு எண்ணிக்கை தெரியும் நாளிலேயே பள்ளி நிலம் கல்வித் துறையின் பெயருக்கு மாற வேண்டும். முதல் பத்து அறைக்கு நிறைவுச் சான்று வந்த பிறகே முதல் வீட்டின் ஒதுக்கீட்டு ஆணை கொடுக்கப்பட வேண்டும்.