நடமாடும் கடல் சாமந்தி

சங்கத்து நண்பர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். ஓய்வு பெற்றபின் பேரனுக்காக வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்தேன். அதில் ஒரு கோமாளி மீன். அது குடியிருக்க ஒரு கடல் சாமந்தி.

பூப்போல் தோன்றினாலும் சாமந்தி ஓர் உயிரினம். பாதத்தால் பாறையிடுக்கைப் பற்றிக்கொள்ளும். வெளிச்சமோ நீரோட்டமோ ஒத்துவராவிட்டால் மெல்ல இடம் பெயரும். ஓர் இரவு அப்படி நகர்ந்து, பம்பு நீரை உறிஞ்சும் வாயில் சிக்கிச் சிதைந்தது. காலையில் தண்ணீர் கலங்கி, மீனும் இறந்து கிடந்தது. பேரன் இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை.

பணிமனையில் காப்பு உறை இல்லாத இயந்திரத்தை ஓட்டவிடாத நான், வீட்டில் அதை மறந்தேன்!

பம்பின் வாயை ஸ்பாஞ்சால் மூடுங்கள். அடைத்துக்கொள்ளாமல் வாரம் ஒருமுறை கழுவுங்கள். ஹீட்டருக்குத் துளையிட்ட பிளாஸ்டிக் உறை போடுங்கள். தொட்டி அமைத்து ஆறு மாதமாவது கழிந்தபின் சாமந்தியை விடுங்கள். வெப்பம் 25-27 டிகிரி, ஒப்படர்த்தி 1.025 என மாறாமல் இருக்கட்டும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்த நீரையே ஊற்றுங்கள்.

நகரும் சாமந்தியைப் பிடித்து இழுக்காதீர்கள். பாதம் கிழிந்தால் பிழைப்பது அரிது. தண்ணீரைச் சோதித்துவிட்டுப் பொறுத்திருங்கள். பிடித்த இடம் கிடைத்ததும் தானே நின்றுவிடும்.

இப்போதுள்ள சாமந்தி பம்பு வரை போய் வந்துவிட்டது. ஒரு கீறலும் இல்லை.