அம்பலும் அலரும்: செய்தி இதழ்களின் பொறுப்பும் திருத்தத்தின் எல்லையும்

அகப்பொருள் இலக்கணம் அம்பல், அலர் என இரண்டனைப் பிரித்துக் கூறும். அம்பலாவது மொட்டுப்போல் வெளிப்படாது சிலர் வாயளவில் நிற்பது. அலராவது மலர்போல் விரிந்து ஊரறியப் பரவுவது. இப்பாகுபாட்டிற்கு அடிப்படை பரவலின் அளவேயன்றிச் சொல்லப்படும் பொருளின் மெய்யும் பொய்யும் அல்ல. ஒரு கூற்று உண்மையா என்பது ஒரு வினா. அதனை அலராக்கியவர் யார் என்பது வேறொரு வினா. தவறான செய்தி பரவுதல் பற்றி ஆராய்வோர் இவ்விரண்டனையும் ஒன்றாகக் கொண்டு மயங்குதல் உண்டு. அம்மயக்கம் நீங்குதற்குப் பிரித்தானிய நாட்டுத் தடுப்பூசிச் செய்தி தக்கதொரு சான்றாகும்.

1998 பிப்ரவரியில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் ஆன்ட்ரூ வேக்ஃபீல்டும் பன்னிருவரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. அது 12 குழந்தைகளைப் பற்றியது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றற்கும் ஒருங்கே இடும் தடுப்பூசிக்கும், குடல் நோயோடு கூடிய வளர்ச்சிக் குறைபாட்டிற்கும் தொடர்பு இருக்கலாமோ என்னும் ஐயத்தை அது எழுப்பியது. எனினும், அத்தொடர்பு நிறுவப்படவில்லை என்று கட்டுரையே வெளிப்படக் கூறியது. ஆயின், அதனையொட்டி நிகழ்ந்த செய்தியாளர் கூட்டத்தில், மூன்றனையும் தனித்தனி ஊசிகளாக இடுதலே நன்று என வேக்ஃபீல்டு உரைத்தார். கட்டுரையின் அடக்கத்தை விடுத்து, கூட்டத்தின் அச்சத்தையே இதழ்கள் பல பற்றிக்கொண்டன. அம்பல் அலராயிற்று.

விளைவு சிறிதன்று. இங்கிலாந்தில் இரண்டு வயதிற்குள் இவ்வூசி பெற்ற குழந்தைகள் 1990களின் நடுப்பகுதியில் 100க்கு ஏறத்தாழ 92 பேர். 2003–04இல் 80 பேர். வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி வட்டாரத்து நாளிதழ் ஒன்று, லான்செட் கட்டுரைக்கு முன்பே, 1997இல் இவ்வூசியை ஐயுற்றுத் தொடர்ந்து எழுதியது. அவ்விதழ் பரவிய பகுதியில் ஊசி பெற்றோர் தொகை வேல்ஸின் பிற பகுதிகளினும் மிகுதியாகக் குறைந்ததென 2000இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. 2012–13இல் அதே வட்டாரத்தை மையமாகக் கொண்டு தட்டம்மை பரவியபோது 1,200க்கு மேற்பட்ட நோயறிவிப்புகள் பதிவாயின. குழவிப் பருவத்தில் ஊசி பெறாது வளர்ந்த சிறார் பலர் நோயுற்றனர். ஓர் உயிரும் நீங்கியது.

இனி, திருத்தம் நிகழ்ந்தவாறு காண்போம். 2002இல் டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வு அத்தொடர்பு இல்லை எனக் கண்டது. 2004இல் ‘சண்டே டைம்ஸ்’ இதழின் பிரையன் டியர், கட்டுரையின் பின்னணியில் மறைந்திருந்த பொருள்வரவை வெளிப்படுத்தினார். அவ்வாண்டே ஆசிரியருள் 10 பேர் கட்டுரையின் கருத்துரையைத் திரும்பப் பெற்றனர். லான்செட் கட்டுரை முழுவதையும் விலக்கியது 2010 பிப்ரவரியில்தான். அலர் எழ ஒரு நாள் போதுமாயிற்று. அது தவறென முறைப்படி அறிவிக்கப் 12 ஆண்டுகள் வேண்டியிருந்தன. பரப்பியவையும் இதழ்களே, பிழையைத் துருவிக் கண்டதும் ஓர் இதழே என்பது கருதத்தக்கது. ஆதலின் இதழ்த்தொழில் முழுவதையும் பழித்தல் முறையன்று.

உண்மை சரிபார்த்தலின் எல்லைகள் மூன்று இதனால் விளங்கும். முதலாவது காலம்: சோதனை என்றும் செய்திக்குப் பின்னரே வருவது. இரண்டாவது பரப்பு: அச்சமூட்டும் செய்தியைப் படித்தோர் அனைவரையும் அதன் மறுப்பு சென்று சேர்வதில்லை. மூன்றாவதே தலையாயது: ஒவ்வொரு கூற்றும் மெய்யாக இருப்பவும் தொகுதி பொய்யாதல் கூடும். 2001 இறுதியில் தலைமையமைச்சர் டோனி பிளேர் தம் மகனுக்கு அவ்வூசி இடப்பட்டதா எனக் கூற மறுத்தார். அவர் மறுத்தார் என்பது மெய். அதனை இதழ்கள் திரும்பத் திரும்ப எழுதியதும் மெய்யையே எழுதியதாகும். ஆயினும் படித்தோர் நெஞ்சில் விளைந்தது ஐயம். இருதரப்பும் இவ்வாறு கூறுகின்றன என எழுதுதலும் இத்தகையதே. 12 குழந்தைகளின் சான்றும் ஐந்து இலக்கம் குழந்தைகளின் சான்றும் ஒரே பத்தியில் இரு வரிகளாக நிற்கும்போது, பொய்யான சொல் ஒன்றும் இல்லை. நிறை மட்டுமே தவறியது. சொல்லைச் சோதிப்பவன் இக்குற்றத்தைக் காணான்.

பதிப்புத்துறையில் பயின்றார்க்கு இது புதிதன்று. பிழைப்பாடம் பத்து ஏடுகளில் இருப்பதனாலேயே அது மூலபாடம் ஆகாது. அப்பத்தும் ஒரே ஏட்டின் படிகளாக இருக்கலாம். நல்ல பதிப்பாசிரியன் ஏடுகளை எண்ணுவதோடு நில்லாது அவற்றின் வழியையும் தகுதியையும் ஆராய்கிறான். ஐயமுள்ள இடத்தில் ஐயத்தையும் குறிக்கிறான். அச்சேறிய பின் பிழைதிருத்தப் பட்டியல் இணைப்பது வேண்டுவதே. எனினும், அப்பட்டியலை நம்பி மெய்ப்புப் பாராது அச்சிடுவார் இலர். செய்தி இதழ்க்கும் அதுவே முறை. சரிபார்த்தல் பிழைதிருத்தப் பட்டியல் போன்றது. பொறுப்போ அம்பலை அலராக்கும் முன் எழுதுவோன் செலுத்த வேண்டிய கருத்தில் உள்ளது. முன்னதன் பெயரால் பின்னதைக் கைவிடுதல் பொருந்தாது.