வெண்கலப் பதுமையும் ஊசி மருத்துவப் பயிற்சியும்

நுண்ணிய ஊசிகளை உடலின் குறித்த இடங்களில் செலுத்தி நோய் தீர்க்க முயலும் சீன முறைக்கு அக்குபங்சர் என்பது பெயர். இதனைக் கற்பிப்போர்க்குத் தொன்றுதொட்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. கை பழகாத மாணாக்கன் எவர் உடலில் பழகுவது?

சுங் வமிச ஆட்சியில், 1027-ஆம் ஆண்டில், வாங் வெய்யி என்னும் மருத்துவர் இதற்கு வழி கண்டார். அவர் மேற்பார்வையில் ஆளுயர வெண்கலப் பதுமைகள் இரண்டு வார்க்கப்பட்டன. ஊசியிடும் இடந்தோறும் ஒரு சிறு துளை அமைந்திருந்தது. தேர்வின்போது பதுமையின் மேற்புறத்தை மெழுகால் மூடி, உள்ளே நீரை நிரப்புவர் என்பது மரபு. மாணாக்கன் சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும். தவறினால் ஊசி உட்புகாது.

எனினும், பதுமைக்கு நுரையீரல் இல்லை. மனிதரின் மார்பிலோ மேல்முதுகிலோ ஊசி மிக ஆழமாகச் சென்றால் நுரையீரல் துளைபடும். மார்பறையில் காற்றுப் புகுந்து மூச்சுத் திணறும். தூய்மையற்ற ஊசியோ கல்லீரல் அழற்சிக் கிருமியை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கடத்தும். ஆகவே, இடத்தோடு ஆழம், சாய்வு, தூய்மை ஆகியவற்றையும் கற்றல் வேண்டும்.

மருத்துவர் அல்லாதார்க்கு 2,500 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றும், அதில் 1,000 மணி நேரமேனும் செய்முறையாக இருத்தல் வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் பரிந்துரைத்தது. சீனாவில் ஐந்தாண்டுப் பட்டப்படிப்பை முடித்தவரும், மேற்பார்வையில் ஓராண்டு பணிபுரிந்த பின்னரே உரிமத் தேர்வு எழுதலாம். அக்காலத்தில் மூத்தவர் அருகிருந்து தொடக்கநிலையாளரின் கையைத் திருத்துகிறார். பதுமை கற்பிக்க இயலாத பகுதி அங்கே கற்பிக்கப்படுகிறது.